1998 மாருதி 800: மங்கிய சிவப்பை மீட்ட ஐந்து நாட்கள்

மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு முற்றத்தில், பின்பாதி தகரக் கொட்டகைக்கு அடியிலும் முன்பாதி வேப்பமரத்தின் அரைநிழலிலுமாக நிற்கும் சிவப்பு மாருதி 800, அப்பா 1998ஆம் ஆண்டு புதிதாக வாங்கியது. வாங்கிய நாளில் அதன் நிறம் பழுத்த மிளகாயின் சிவப்பு. கடந்த மார்கழியில் ஒருநாள் அதன் டாப்பின் மீது விரலை வைத்து இழுத்தபோது, சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுமே அதுபோல, வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு பொடி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து உள்விளிம்பைப் பார்த்தேன். வெயில் படாத அந்த இடத்தில் 1998இன் சிவப்பு அப்படியே இருந்தது. ஒரே வண்டியில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு நிறங்கள் இருப்பதைப் பார்த்த பிறகு அதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

முழுவதும் பெயிண்ட் அடித்துவிடுங்கள் என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. தொழிற்சாலையில் சூட்டறைக்குள் வைத்து இறுக்கிய பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, தெருவோரக் கொட்டகையில் தூசிக்கு நடுவே அடிக்கும் பெயிண்ட் அதற்கு ஈடாகாது என்பது என் திடமான எண்ணம். பெயிண்ட் உரிந்திருந்தாலோ துரு மேலே வந்திருந்தாலோ வேறு வழியில்லை என்று ஒப்புக்கொண்டிருப்பேன். இங்கே உரியவும் இல்லை, துருவும் இல்லை. மங்கிப்போனது மேற்பரப்பு மட்டும்தான்.

மங்கலுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது வெயில். பெயிண்ட் என்பது நிறப்பொடியும் அதைப் பிடித்து நிறுத்தும் பிசினும் சேர்ந்தது; சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து மேற்பரப்பில் உள்ள பிசினைச் சிதைக்கும்போது, பிடிமானம் இழந்த நிறப்பொடி தளர்ந்து மேலே நிற்கிறது. அந்தச் சொரசொரப்பில் விழும் ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் சிவப்பு ரோஜாவாகத் தெரிகிறது. சிவப்பு நிறம் இதற்கு எளிதில் ஆட்படும் என்பதை நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பழைய சிவப்பு வண்டிகள் எல்லாமே காட்டும். கொட்டகைக்கு அடியில் இருந்த பின்பாதியில் மங்கல் குறைவாகவும், மரத்தடியில் இருந்த முன்பாதியில் கூடுதலாகவும் இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

இரண்டாவது காரணம் அப்பாவின் அக்கறை. காலையில் காபி குடித்து முடித்ததும் பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டி முழுவதையும் துடைப்பது, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவருடைய வழக்கம். ஒத்தக்கடையிலிருந்து மேலூர் வரை கிரானைட் அறுக்கும் பட்டறைகள் பல இருக்கின்றன. காற்றடித்தால் எங்கள் திண்ணையில் படிவது வெறும் மண் அல்ல, கல்தூள். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7ஆம் இடத்தில் இருப்பது. கத்தி எஃகையே கீறக்கூடியது. அந்தத் தூளை உலர்ந்த துணியால் பெயிண்டின் மீது தினமும் இழுத்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்டுகள் புழங்கிய எவர்சில்வர் தட்டை வெயிலில் திருப்பிப் பாருங்கள். ஒளிப் புள்ளியைச் சுற்றிச் சிலந்திவலை போல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். உண்மையில் அந்தக் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருப்பவை. ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புவதால் வட்டம் போலத் தோன்றுகின்றன. டார்ச் அடித்தபோது எங்கள் வண்டியின் கதவுகளில் தெரிந்தது அதே வலைதான்.

வேலையைத் தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை, கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நின்று பார்த்துவிட்டு, “என்னத்த அண்ணே பூசப் போறீங்க?” என்று கேட்டார். பூசுவது கடைசியில்தான், முதலில் தேய்ப்புதான் என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “எங்க கல்லும் அதுதாண்ணே. மூஞ்சி தெரியுற மாதிரி மின்னுதுன்னா எதையோ பூசியிருக்கோம்னு நெனைக்கிறாங்க. ஒண்ணும் கெடையாது. முரட்டுக் கல்லுல ஆரம்பிச்சு நைசு கல்லு வரைக்கும் மாத்தி மாத்தித் தேய்க்கிறதுதான்” என்றார். இந்த வேலையின் சாரத்தை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. பரப்பு சமமாக இருந்தால் ஒளி சிதறாமல் ஒரே முகமாகத் திரும்பும், அதுதான் பளபளப்பு. கடைசியில் பூசும் வேக்ஸ், அதாவது மெழுகு, அந்தச் சமநிலையைக் காக்கிறது, கொஞ்சம் ஆழம் கூட்டுகிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மங்கிய பெயிண்டின் மீது நேராக வேக்ஸ் போட்டுவிட்டு இரண்டு வாரத்தில் பழைய நிலை திரும்பிவிட்டது என்று வருந்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேய்ப்பதற்கு முன்னால் தேய்க்க எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய கார் வியாபாரம் செய்யும் நண்பரிடம் பெயிண்ட் தடிமன் அளவியை இரவல் வாங்கி இருபது இடங்களில் வைத்துப் பார்த்தேன். டாப்பில் 88 முதல் 96 மைக்ரான். கதவுகளில் 100 முதல் 110. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைவில் கொண்டால், தகட்டின் மீதுள்ள பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம் எல்லாம் சேர்ந்து ஒன்றரை முடி அளவுதான். பானட்டில் 200ஐத் தாண்டியது. இடது மட்கார்டில் ஓரிடத்தில் 700க்கு மேல் காட்டியது. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த சிறு விபத்துக்குப் பிறகு அங்கே பட்டி வைத்து மறுபெயிண்ட் அடித்திருந்தார்கள்.

அடுத்ததாக ஒரு வெள்ளைத் துணியில், நைசாகத் தேய்க்கும் பசையான பாலிஷைச் சிறிது எடுத்துக் கதவின் கீழோரத்தில் தேய்த்தேன். துணி சிவந்தது. மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட் இல்லாமல் நிறமே கடைசி அடுக்காக இருக்கும் பழைய முறைப் பெயிண்ட் இது. பானட்டில் அதே சோதனை செய்தபோது துணி வெறும் அழுக்காயிற்று, சிவக்கவில்லை. மறுபெயிண்ட் அடித்தவர்கள் நிறத்தின் மேல் கிளியர் கோட் போட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரே வண்டியில் இரண்டு விதமான பரப்புகள், இரண்டு விதமான வேலை. இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். இதைச் செய்யாமல் தேய்க்கும் மிஷினை எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேய்ப்பதற்குச் சமம்.

முதல் நாள் முழுவதும் கழுவலுக்கே போயிற்று. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் கழுவி வெயிலில் விட்டால் ஒவ்வொரு துளியும் காய்ந்து சுண்ணாம்பு வளையமாக உட்கார்ந்துவிடும். கழுவலுக்குத் தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டேன். கடைசி அலசலுக்கு மட்டும் 20 லிட்டர் கேன் தண்ணீர் இரண்டு வாங்கினேன். வண்டிக்குக் கேன் தண்ணீரா என்று அம்மா கேட்டார். நாற்பது லிட்டர் நல்ல தண்ணீர், மணிக்கணக்கில் கறை எடுக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது என்பதால் அந்தச் செலவில் எனக்குத் தயக்கமில்லை. முதலில் குழாயை நீட்டிப் பிடித்து மேலிருந்து கீழாக மண் முழுவதையும் கரைத்து ஓட விட்டேன். காக்கை எச்சம் காய்ந்திருந்த இடங்களில் ஈரத் துணியைப் போட்டுப் பத்து நிமிடம் ஊற வைத்தேன். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு கரைத்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கழுவும் கையுறையை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பின்னரே ஷாம்பு வாளிக்குள் விட்டேன். டாப், பானட், கதவுகளின் மேல்பாதி, கீழ்பாதி என்று கீழ்நோக்கியே போக வேண்டும். சக்கரத்தருகே தொட்ட கையுறை மறுபடி மேலே வரக் கூடாது.

பானட்டில் இருந்த பழைய சுண்ணாம்பு வளையங்களுக்கு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து இரண்டு நிமிடம் போர்த்தி வைத்து உடனே அலசினேன். பெரும்பாலானவை போயின. சில பெயிண்டுக்குள்ளேயே இறங்கிப் பள்ளம் போட்டிருந்தன.

கழுவி உலர்ந்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு விரல் நுனியால் பரப்பைத் தடவினால், வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் தெரியும். கதவுகள் பரவாயில்லை, பானட்டில் மட்டும் ரவையைத் தடவுவது போல இருந்தது. எதிர்ச் சாரியில் கிரில் வெல்டிங் பட்டறை இருக்கிறது. கிரைண்டரிலிருந்து தெறிக்கும் இரும்புப் பொறி காற்றில் வந்து பெயிண்டில் பதிந்து, துருப்பிடித்து, ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகளாக நிற்கும். இரும்புக் கறை நீக்கும் திரவத்தைத் தெளித்ததும் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றிலிருந்தும் கத்தரிப்பூ நிறத்தில் சாறு வழிந்தது. நாற்றம் சகிக்க முடியாதது. திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மிச்சத்தைக் கிளே பார் எடுத்தது. பரோட்டா மாவு போல இழுபடும் அந்தக் களிமண்ணை ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தமே இல்லாமல் நேர்கோட்டில் ஓட்டி, அழுக்கேறியதும் மடித்துப் புது முகம் காட்டி ஓட்ட வேண்டும். ஒருமுறை என் கையிலிருந்து ஒரு துண்டு தரையில் விழுந்தது. கழுவிப் பயன்படுத்தலாம் என்று கை போனது. கல்தூள் நிறைந்த முற்றத்தில் விழுந்த களிமண் உப்புத்தாள்தான் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன்.

இரண்டாம் நாள் வண்டியை முழுவதுமாகக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, ரப்பர் பீடிங், கறுப்பு பம்பர், கைப்பிடி, பின்னால் உள்ள எழுத்துகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். கறுப்புப் பிளாஸ்டிக்கில் பாலிஷ் பட்டு வெளுத்தால் எடுப்பது பெரும் பாடு. நான் பயன்படுத்தியது டூயல் ஆக்ஷன் பாலிஷர். பட்டறைகளில் உள்ள ரோட்டரி மிஷின் ஒரே அச்சில் சுழல்வதால் வேகமாக வெட்டும். ஒரே இடத்தில் சூடும் ஏறும். டூயல் ஆக்ஷனில், தேய்க்கும் வட்டமான பேட் சுழன்றுகொண்டே அச்சிலிருந்து விலகிவிலகி ஆடும். வெட்டு மெதுவாக இருக்கும், தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள அவகாசம் தரும். 90 மைக்ரான் பெயிண்டுக்கு எனக்கு வேகம் வேண்டாம். பேட்டைத் தாங்கும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், ஓடும்போது பேட் உண்மையில் சுழல்கிறதா, அழுத்தம் மிகுந்து வெறுமனே அதிர்கிறதா என்பது தெரியும். எவ்வளவு அழுத்துவது என்பதைக் கைக்குப் பழக்க, எடை பார்க்கும் மிஷினை மேசையில் வைத்து, பாலிஷரால் அதை அழுத்தி, ஐந்து கிலோ என்பது எந்த அளவு என்று பத்து முறை பார்த்துக்கொண்டேன்.

முதலில் டாப்பில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை டேப்பால் பிரித்துச் சோதனை செய்தேன். எப்போதும் மிக மென்மையான வழியில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் ஒரு படி ஏற வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் கட்டளை; போன பெயிண்ட் திரும்பி வராது. மென்மையான பஞ்சுப் பேட்டும் ஃபினிஷிங் பாலிஷும் நிறத்தை ஓரளவு கொண்டுவந்தன, கீறல்களை அசைக்கவில்லை. நடுத்தரப் பேட்டுக்கும் நடுத்தரப் பாலிஷுக்கும் மாறினேன். பட்டாணி அளவில் நான்கு சொட்டு; முதல் வேகத்தில் சதுரம் முழுவதும் பரப்பி, நான்காம் வேகத்துக்கு ஏற்றி, ஒரு வினாடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில், முந்தைய தடத்தின் பாதியை அடுத்த தடம் மூடும்படி, நெட்டுக்கு இரண்டு முறை, குறுக்குக்கு இரண்டு முறை. துணியால் வழித்துப் பார்த்தேன்.

அந்தச் சதுரத்துக்குள் மட்டும் தலைக்கு மேலிருந்த தகரத்தின் நெளிவுகள், ஆணித் தலைகளோடு, கோடு கோடாகத் தெரிந்தன. டேப்புக்கு வெளியே வெறும் ரோஜா நிறம். உள்ளே, தண்ணீர் நிரப்பிய சிவப்புத் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பது போல ஓர் ஆழம். பேட்டைத் திருப்பினால் குங்குமச் சிமிழுக்குள் முக்கி எடுத்தது போல இருந்தது. ஆனால் உடனே நம்பிவிடக் கூடாது. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைத்து நம்மை ஏமாற்றும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்து, எண்ணெய் நீங்கிய பிறகு டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். வலை போயிருந்தது. ஆழமான சில தனிக் கீறல்கள் நின்றன. அவற்றைத் துரத்துவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தேன். வாட்டர் பேப்பர் என்ற நைசான உப்புத்தாள் போட்டால் அவையும் போகும்தான். அதற்குக் கொடுக்கும் விலை இந்தத் தடிமனில் கட்டுப்படியாகாது.

டாப் முழுவதற்கும் ஒன்றரை நாள் ஆயிற்று. தளர்ந்த நிறப்பொடி பேட்டை அடைத்துக்கொள்வதால் ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு பிரஷால் உதறி, மூன்று சதுரத்துக்கு ஒரு பேட் என்று மாற்றிக் கழுவிக் காயவைத்தேன். அடைபட்ட பேட் வெட்டாது, வெறுமனே சூடுதான் ஏற்றும். காலை ஏழு மணி முதல் பத்தரை வரை, மறுபடி மாலை நான்கு முதல் ஆறு வரை என்பதுதான் என் நேரக் கணக்கு. மார்கழியிலும் மதுரையில் நண்பகல் தகரத்தடியில் தகடு கொதிக்கும், பாலிஷ் தேய்ப்பதற்குள் காய்ந்து பொடியாகும். புறங்கையை வைத்துப் பார்த்து இளஞ்சூட்டுக்கு மேல் இருந்தால் மிஷினை நிறுத்தினேன். இதே வேலையைச் சித்திரையில் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பானட் வேறு உலகம். மறுபெயிண்ட் அடித்த அங்கே மங்கல் இல்லை. ஆனால் வெயிலில் பார்த்தால் நாம் நகர்ந்தால் கூடவே நகரும் நிழல் போன்ற வளைவுப் பட்டைகள் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் ரோட்டரி மிஷினில் கம்பளிப் பேட் போட்டு ரப்பிங் செய்து, ஃபினிஷிங் செய்யாமலே விட்டதன் தடம் அது. இன்னொன்றையும் அப்போதுதான் முதன்முறையாகக் கவனித்தேன். பானட்டின் நடுவே மூன்று படுக்கைப் பட்டைகளும் ஒரு வட்டமும் மங்கலாகத் தெரிந்தன. ஆயுத பூஜைதோறும் ஒரே இடத்தில் விபூதிப் பட்டை இட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, அது நாள்கணக்கில் காய்ந்த பிறகு உலர்ந்த துணியால் தேய்த்து எடுத்ததில், பரப்பு அந்த வடிவத்திலேயே தேய்ந்திருக்கிறது. சாம்பல் நைசான தேய்ப்புப் பொடி என்பது அதில் பாத்திரம் துலக்கிய வீட்டுக்காரர்களுக்குத் தெரியாததல்ல. பானட்டின் கிளியர் கோட் கெட்டியாக இருந்ததால் நடுத்தரப் பாலிஷ் போதவில்லை. அதைவிட முரடான காம்பவுண்டு போட்டு வெட்டி, மென்மையான பேட்டில் ஃபினிஷிங் பாலிஷால் முடித்தேன். பட்டைகளில் கடைசிக் கோடு மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டேன். வரும் ஆண்டுகளில் மறுநாள் காலையே தண்ணீர் விட்டு ஊற வைத்துக் கழுவி எடுப்பது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

நான்காம் நாள் மாலை ஒரு தவறு செய்தேன். வலது கதவின் குறுக்கே நீளமாக ஓடும் மடிப்புக் கோட்டுக்கு அதுவரை டேப் ஒட்டி வைத்திருந்தேன். வெளிச்சம் குறைவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் டேப்பை எடுத்துவிட்டு, அதன் மேலேயே மிஷினை ஓட்டினேன். மடிப்பின் உச்சியில் பெயிண்ட் எப்போதும் மெல்லிதாகவே இருக்கும். போதாததற்கு மிஷினின் முழு எடையும் அந்த ஒரு கோட்டில் இறங்கும். அளவியும் அங்கே உதவாது, அதற்குத் தட்டையான இடம் வேண்டும். துடைத்துப் பார்த்தபோது ஒரு நெல்மணி நீளத்துக்குச் சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது. கிளியர் கோட் உள்ள வண்டியில் பேட்டில் நிறம் ஒட்டினால் அதுவே அபாய அறிவிப்பு. இந்த வகைப் பெயிண்டிலோ பேட் தொடக்கத்திலிருந்தே சிவப்பு என்பதால் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. கால் நூற்றாண்டு வெயில் எடுக்காததை என் கை இரண்டு நொடியில் எடுத்துவிட்டதே என்று அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை, கதவின் உள்விளிம்பு நிறத்தைக் காட்டிக் கலந்து வாங்கிய பெயிண்டைப் பல்குச்சி முனையால் தொட்டு வைத்தேன்; காய்ந்த பிறகு இன்னொரு முறை. அதைச் சமப்படுத்த மறுபடி தேய்க்கவில்லை. மிச்ச மடிப்புகள், விளிம்புகள் அத்தனையையும் கையாலேயே, விரலைச் சுற்றிய துணியில் முடித்தேன்.

ஐந்தாம் நாள் வேக்ஸ். நான் போட்டது கார்னோபா கலந்த பேஸ்ட் வேக்ஸ். கார்னோபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை. வறண்ட காலத்தில் இலையின் ஈரம் ஆவியாகாமல் இருக்க அது தன் இலைமேல் சுரந்து பூசிக்கொள்ளும் மெழுகுதான் இது. நம் பனைமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். கார்னோபா உருக 82 முதல் 86 டிகிரி வேண்டும். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் தகட்டுக்கு அந்தக் கடினம் தேவை. ஆனால் அதே கடினத்தால் தனிக் கார்னோபாவைத் தேய்க்கவே முடியாது என்பதால், மென்மையான மெழுகுகளும் கரைப்பான்களும் சேர்த்தே டப்பாவில் வருகிறது. பூச்சு மாதக்கணக்கில் நிலைக்க வேண்டுமென்றால், மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் நல்லது. செராமிக் கோட்டிங் அதைவிட நீடிக்கும். பழைய சிவப்புக்குக் கார்னோபா தரும் ஈரமான ஆழத்துக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போடும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். இது என் விருப்பம். தினமும் வெயிலில் ஓடும் வண்டிக்கு இதையே சொல்ல மாட்டேன்.

வேக்ஸ் போடுவதில் கை தாராளம் கூடாது. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதைவிட மெல்லியதாக, போட்ட இடம் லேசாக ஆவி படிந்தது போலத் தெரிந்தால் போதும். கூடுதலாகப் போட்டது பளபளப்பைக் கூட்டாது, துடைக்கும்போது கையைத்தான் ஒடிக்கும். கதவு ஒன்றுக்குப் போட்டுவிட்டு ஐந்தாறு நிமிடம் கழித்து விரலால் ஒரு கோடு இழுத்தேன்; ஈரமாக இழுவாமல் கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம் என்று பொருள். நான்காக மடித்த மைக்ரோஃபைபர் துணியின் ஒரு முகத்தால் எடுத்து, மறுமுகத்தால் மெருகு கொடுத்தேன். துணியின் ஓரத்தில் தைத்திருந்த லேபிளை முதலிலேயே வெட்டி எறிந்திருந்தேன், அதுவும் கீறும். முடித்து வண்டியை வெளியே தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தியபோது, பானட்டில் விழுந்த இலைகளின் பிம்பத்தில் ரம்பப் பல் போன்ற ஓரம்வரை எண்ணக்கூடியதாக இருந்தது. டாப்பில் அவ்வளவு கூர்மை வரவில்லை. காக்கை எச்சம் அரித்த ஏழெட்டுப் பள்ளங்கள் அங்கே அப்படியே இருக்கின்றன.

அப்பா ஐந்து நாளும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, “ஏன்யா, அப்ப நான் தொடச்சதுலதான் இது கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். அவருக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. கீறல்கள் துணியால் வந்தவை என்பதைச் சொன்னேன்; ஆனால் மங்கல் வெயிலின் வேலை என்பதையும், எங்கள் தெருவில் இதே வயதுடைய வண்டிகளின் டாப்பில் எச்சம் அரித்த பள்ளங்கள் எண்ண முடியாதபடி இருக்கும்போது இதில் ஏழெட்டோடு நின்றதும், மழைக்குப் பிறகு பீடிங் ஓரங்களில் தண்ணீர் தேங்காததால் கதவடிகளில் துரு ஏறாததும், அவர் தினமும் வண்டியைத் தொட்டதால்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “இனி எப்படித் தொடைக்கணும்னு காட்டு” என்றார்.

காட்டினேன். தூசி மட்டும் இருக்கும் நாளில் தொடவே வேண்டாம். எச்சம் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, ஊறிய பின் ஈரத் துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை கழுவல். வேக்ஸ் போட்டிருப்பதால் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து அப்படியே விட்டுவிடக் கூடாது, உப்புத் தண்ணீரின் முத்து காய்ந்தால் வளையம் இன்னும் அழுத்தமாகப் பதியும் என்பதால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். வேட்டித் துணி ஜன்னல் கண்ணாடிக்குப் போய்விட்டது. ஆறு மைக்ரோஃபைபர் துணிகளைத் தனி டப்பாவில் மூடி வைத்திருக்கிறார். அம்மா அவற்றை வீட்டுத் துணியோடு போட்டுத் துவைத்துவிடாமல் அவரே காவல் இருக்கிறார்.

மாசி மாதம் இரண்டாம் வாரத்தில் சோதித்துப் பார்த்தேன். கதவுகளில் தண்ணீர் இன்னும் உருண்டு நின்றது. பானட்டில் கொஞ்சம் தளர்ச்சி. டாப்பில் முத்துகள் தட்டையாகிப் பரவத் தொடங்கியிருந்தன. கழுவிவிட்டு டாப்புக்கும் பானட்டுக்கும் மட்டும் மறுபடி வேக்ஸ் போட்டேன், அப்பாவும் நானுமாக முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. நண்பரிடம் அளவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் டாப்பில் அதே இடங்களில் மறுபடி வைத்துப் பார்த்திருந்தேன்: 84 முதல் 92. அளவியின் பிழையே இரண்டு மூன்று மைக்ரான் இருக்கும் என்றாலும், நான்கு மைக்ரான் போனதாகவே கணக்கு வைத்துக்கொண்டு, வண்டியின் சர்வீஸ் நோட்டில் ஆயில் மாற்றிய தேதிகளுக்குக் கீழே அந்த எண்களை எழுதி, டாப்பில் இனி மிஷின் போடுவதென்றால் இன்னும் ஒரே ஒரு முறை, அதுவும் மென்மையான பேட்டில் மட்டும் என்று அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.